சாரிட்டி சைக்கிள் ரைடுக்கு நீங்கள் கட்டிய 1,200 ரூபாய் எங்கே போகிறது?

கேள்வி இதுதான்: அடுத்த மாதம் ஈசிஆரில் ஒரு சாரிட்டி சைக்கிள் ரைடு. நீங்கள் 1,200 ரூபாய் கட்டிப் பெயர் கொடுத்துவிட்டீர்கள். போஸ்டரில் 'புற்றுநோயோடு போராடும் குழந்தைகளுக்காக' என்று போட்டிருக்கிறது. அந்த 1,200 உண்மையிலேயே குழந்தைகளுக்குப் போகிறதா என்று கேட்கிறீர்கள். கூடவே, ஆளுக்குப் பத்தாயிரமாவது திரட்டித் தரச் சொல்கிறார்களாம். ஆபீஸில் எந்த முகத்தோடு கேட்பது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்டவரை, உங்களை உறுத்துவது 1,200 ரூபாய் இல்லை. உங்களை நம்பிக் காசு கொடுப்பவர்களுக்கு நாளைக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான்.

நான் ஆடிட்டர். இருபது வருடங்களுக்கு மேலாகச் சென்னையில் அறக்கட்டளைகள், இல்லங்கள், சங்கங்கள் ஆகியவற்றின் கணக்குகளைத் தணிக்கை செய்து வருகிறேன். ஞாயிறு விடியற்காலையில் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை மிதிக்கிற பழக்கமும் உண்டு. இந்த மாதிரி நிகழ்ச்சிகளைச் சாலையிலிருந்தும் பார்த்திருக்கிறேன், வவுச்சர் கட்டு வழியாகவும் பார்த்திருக்கிறேன். நீங்கள் சேர்ந்திருக்கும் ரைடின் கணக்கை நான் பார்த்ததில்லை. அதைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் சொல்ல மாட்டேன். எப்படி விசாரிப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில், சந்தேகமே இல்லாத ஒன்று. நுழைவுக் கட்டணம் வேறு, நன்கொடை வேறு. 1,200 ரூபாய்க்கு உங்களுக்கு டி-ஷர்ட், மெடல், நெஞ்சில் குத்தும் எண் அட்டை, டைமிங் சிப், காலை டிபன் எல்லாம் கிடைக்கின்றன. பதிலுக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு கொடுக்கும் காசு விலைதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை எந்த நிகழ்ச்சியின் எண்களும் இல்லை, புரிவதற்காக நானே வைத்துக்கொண்டவை. நடத்துவது ஜிஎஸ்டி பதிவுள்ள ஈவென்ட் கம்பெனி என்றால், 1,200-க்குள்ளேயே 18 சதவீத வரி அடங்கியிருக்கும். அது 183 ரூபாய். ஆன்லைன் கட்டண வசதிக்கு இரண்டு சதவீதம், அதன்மேல் வரி, ஆக 28 ரூபாய். மிச்சம் 989. டி-ஷர்ட் 250, மெடல் 120, எண் அட்டையும் சிப்பும் 150, டிபன் 150, வழியில் தண்ணீர், வாழைப்பழம், ஓஆர்எஸ் 50 என்று வைத்தால் 720 போய்விட்டது. கையில் 269. ஐந்நூறு பேர் வந்தால் 1,34,500 ரூபாய். இதற்குள்தான் ஆம்புலன்ஸ், மேடை, மைக் செட், தடுப்புக் கட்டைகள், இன்ஷூரன்ஸ், போட்டோகிராபர், தன்னார்வலர்களுக்கான வண்டிச் செலவு எல்லாம் அடங்க வேண்டும். அனுமதி வாங்க அலைவது தனிக் கதை: திருவான்மியூரில் சென்னை மாநகரக் காவல், கானத்தூர் பக்கம் வந்தால் தாம்பரம் ஆணையரகம், மாமல்லபுரத்தில் செங்கல்பட்டு மாவட்டக் காவல்துறை என்று ஒரே சாலையில் எல்லைகள் மாறும்.

அதனால் கட்டணத்தை மட்டும் நம்பி நடக்கும் ரைடில், யாரும் ஒரு பைசா திருடாவிட்டாலும், தர்மத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். பல சமயம் கையைக் கடிக்கும். 'கட்டணத்தில் ஒரு பகுதி குழந்தைகளுக்கு' என்று போஸ்டரில் இருந்தால், அந்தப் பகுதி எவ்வளவு என்று எண்ணாகக் கேளுங்கள். ஆளுக்கு நூறு ரூபாய் என்று சொன்னாலும் அது நேர்மையான பதில். 'லாபம் முழுவதும்' என்று சொன்னால் சற்று நின்று யோசியுங்கள். செலவை யார் தீர்மானிக்கிறார்களோ அவர்கள்தான் லாபத்தையும் தீர்மானிக்கிறார்கள்.

அப்படியானால் குழந்தைகளுக்கு நிஜமாகப் போகும் பணம் எங்கிருந்து வருகிறது? ஸ்பான்சர்களிடமிருந்தும், உங்களைப் போல் ஓட்டுபவர்கள் திரட்டும் நன்கொடையிலிருந்தும். நன்றாக நடக்கும் நிகழ்ச்சிகளில் செலவுக்கான பணமும் நன்கொடையும் கலக்காமல் இருக்கும். கட்டணமும் ஸ்பான்சர் பணமும் செலவை ஏற்கும். திரட்டிய நன்கொடை முழுதாக, உதவி பெறும் நிறுவனத்துக்குப் போகும். இதற்கு உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்காவின் பான்-மாஸ் சேலஞ்ச். 1980-இல் 36 பேர் மாசசூசெட்ஸ் மாநிலத்தைக் குறுக்கே சைக்கிளில் கடந்து 10,200 டாலர் திரட்டினார்கள். பாஸ்டனில் உள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்கு இதுவரை நூறு கோடி டாலருக்கு மேல் போயிருக்கிறது. ஓட்டுபவர் திரட்டும் தொகை நூற்றுக்கு நூறு மையத்துக்குப் போகும் என்பது அவர்கள் வாக்கு. குறைந்தபட்சத் தொகையைத் திரட்ட முடியாவிட்டால் மிச்சத்தை ஓட்டுபவரின் கார்டிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். கறாராகத் தோன்றினாலும், பெயர் கொடுக்கும்போதே இது எழுத்தில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான கதையும் அங்கேயே உண்டு. 1994-இல் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை கலிபோர்னியா எய்ட்ஸ் ரைடு தொடங்கியது. நடத்தியது டேன் பலோட்டா என்பவரின் நிறுவனம், லாபத்துக்கு இயங்கும் நிறுவனம். திரண்ட தொகை மிகப் பெரிது, செலவும் மிகப் பெரிது. செலவு போக நோயாளிகளுக்குப் போனது போதாது என்ற விமர்சனம் வலுத்தது. 2002-இல் அந்த நிறுவனம் மூடப்பட்டது. செலவு சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள், கடைசியில் போய்ச் சேர்ந்த தொகையைப் பாருங்கள் என்று பலோட்டா இன்றுவரை வாதாடுகிறார். அந்த வாதத்தை என்னால் முழுக்க ஒதுக்க முடியவில்லை. நாற்பது சதவீதம் செலவு செய்து ஒரு கோடி சேர்ப்பவர், பத்து சதவீதம் செலவு செய்து ஒரு லட்சம் சேர்ப்பவரைவிட இல்லத்துக்கு அதிகம் கொடுக்கிறார். ஆனால் கொடுப்பவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஸ்பான்சர் பணத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது. 'பெரிய கம்பெனி சிஎஸ்ஆரில் பண்றாங்க சார்' என்பார்கள். சிஎஸ்ஆர் என்பது கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேலான கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஆனால் மாரத்தான் போல ஒருநாள் கூத்தாக முடியும் நிகழ்ச்சிகள் அந்தக் கணக்கில் வராது என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2014 ஜூன் மாதமே சுற்றறிக்கை விட்டுவிட்டது. விளம்பரப் பலனுக்காகச் செய்யும் ஸ்பான்சர்ஷிப்பும் வராது என்று விதிகளிலும் இருக்கிறது. டி-ஷர்ட் முதுகில் லோகோ போட்டுக்கொள்ளும் கம்பெனி பெரும்பாலும் விளம்பரச் செலவாகத்தான் அதை எழுதுகிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, ரைடின் செலவைத் தாங்குவதே அந்தப் பணம்தான். அதைத் தர்மம் என்று சொல்லும்போதுதான் எனக்கு உறுத்துகிறது.

இனி நான் நேரில் பார்த்த ஒன்று. பெயரும் இடமும் சொல்ல முடியாது. புறநகரில் ஒரு குழந்தைகள் இல்லம். வருடாந்தரத் தணிக்கைக்குப் போயிருந்தேன். ஆபீஸ் அறைச் சுவரில், நிர்வாகி அம்மாவின் நாற்காலிக்கு மேலே, சட்டம் போட்ட போட்டோ ஒன்று. சைக்கிள் ஹெல்மெட் மாட்டியவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் ஆள் உயரத்துக்குத் தெர்மாகோல் செக், அதில் இரண்டு லட்சம் ரூபாய். முன்வரிசையில் இரண்டு குழந்தைகள் அந்தச் செக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் புரட்டினால் மே மாதம் 75,000, ஆகஸ்டில் 50,000. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. "மிச்சம் எங்கேம்மா?" என்று கேட்டேன். மேலே போட்டோவைப் பார்த்தார், கீழே குனிந்துகொண்டார். "கேட்டா சங்கடப்படுவாங்க சார். அடுத்த வருஷமும் அவங்கதானே வரணும்" என்றார். அந்தப் பணத்தை நம்பி மாடிக்கு ஒரு கழிப்பறை கட்ட ஆரம்பித்திருந்தார்கள். செங்கல் மட்டம் வரை எழும்பி நின்றிருந்தது, கதவு இல்லை.

நடத்திய குழுவிடம் விசாரித்தபோது தெரிந்தது, யாரும் அபகரிக்கவில்லை. ஒப்புக்கொண்ட ஸ்பான்சர் ஒருவர் கடைசியில் பணம் தரவில்லை. நிகழ்ச்சி நாளன்று மேடையில் அறிவிக்க ஒரு தொகை வேண்டும் என்பதற்காக, வராத பணத்தையும் சேர்த்துச் செக்கில் எழுதிவிட்டார்கள். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். திருட்டைவிட அவசரமும் ஆர்வக்கோளாறும் அதிகம். ஆனால் அந்த இல்லத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அன்றிலிருந்து தெர்மாகோல் செக் போட்டோவை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. ஃபினிஷ் லைனிலேயே செக் கொடுக்கிறார்கள் என்றால், கணக்கு முடியும் முன்பே தொகையை எழுதிவிட்டார்கள் என்று அர்த்தம். பில்களெல்லாம் வந்து சேர நாலைந்து வாரமாவது ஆகும்.

நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டியது, பணம் யார் பெயரிலுள்ள கணக்கில் விழுகிறது என்பதை. ஜிபேயில் ஸ்கேன் செய்ததும் திரையில் ஒரு பெயர் வருமே, அதைப் படியுங்கள். அறக்கட்டளையின் பெயரா, ஈவென்ட் கம்பெனியின் பெயரா, ஒரு தனி மனிதரின் பெயரா? சைக்கிள் கிளப்புகள் பலவும் பதிவு செய்யாத நண்பர் கூட்டம்தான்; செயலாளரின் சேமிப்புக் கணக்கில்தான் பணம் சேரும். அவர் நூறு சதவீதம் நல்லவராக இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கைத் தணிக்கை செய்ய யாருக்கும் கடமை இல்லை. அவருக்கு ஏதாவது நேர்ந்தால் பணம் வாரிசுக்குப் போகும். நாளைக்கு வருமான வரித்துறை கேட்டால் அவரே முழிக்க வேண்டியிருக்கும். நன்கொடைப் பகுதிக்கு மட்டுமாவது பெறும் நிறுவனத்தின் சொந்த லிங்க்கையோ க்யூஆர் கோடையோ கொடுக்கும் ரைடுதான் என் கணக்கில் முதல் தரம்.

அடுத்தது ரசீது. பிரிவு எண்களையும் படிவ எண்களையும் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி சொல்கிறேன், நன்கொடை ரசீதுகளில் இத்தனை வருடமும் பார்த்துப் பழகிய எண்கள் அவைதான். 2025-இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்கள் மாறுகின்றன. 'பதிவு பெற்ற அறக்கட்டளை' என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்திருக்கிறது என்பது மட்டும்தான் பொருள். வரி விலக்குக்கு 12ஏபி பதிவு வேண்டும். கொடுப்பவருக்குச் சலுகை கிடைக்க 80ஜி அங்கீகாரம் வேண்டும். இரண்டுக்கும் காலக்கெடு உண்டு, வழக்கமாக ஐந்து வருடம், புதிதாகத் தொடங்கியவர்களுக்குத் தற்காலிகமாக மூன்று. ரசீதில் உள்ள எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை வருமான வரித்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். 2021-22 நிதியாண்டிலிருந்து இன்னொரு நல்ல ஏற்பாடு வந்திருக்கிறது. நன்கொடை வாங்கும் நிறுவனம், யார் எவ்வளவு கொடுத்தார் என்று 10பிடி படிவத்தில் அடுத்த மே 31-க்குள் துறைக்குச் சொல்ல வேண்டும். கொடுத்தவருக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். உங்கள் பெயரில் 10பிஇ வந்தால், அந்தத் தொகை நிறுவனத்தின் புத்தகத்தில் ஏறிவிட்டது என்று நம்பலாம். ஆடிட்டராக எனக்கு இதைவிட உறுதியான காகிதம் ஒரு கொடையாளரின் கையில் கிடைக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாமல் நிற்கிறேன். அறக்கட்டளையே ரைடு நடத்திக் கட்டணம் வாங்கினால் அதற்கு ஜிஎஸ்டி உண்டா, டி-ஷர்ட் செலவு போக மிஞ்சும் பகுதியை நன்கொடை என்று சொல்லலாமா என்பதில் எங்கள் தொழிலிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. என்னிடம் ஆலோசனை கேட்கும் அறக்கட்டளைகளுக்கு, கட்டணத்துக்குத் தனி ரசீது, நன்கொடைக்குத் தனி ரசீது போடுங்கள், கட்டணத்துக்கு 80ஜி தராதீர்கள் என்றுதான் சொல்கிறேன். '1,200 முழுவதற்கும் வரிச்சலுகை' என்று ஆசைகாட்டும் விளம்பரத்தைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள்.

வரிச்சலுகையைச் சொல்லி ஆபீஸில் கேட்க நினைத்தால், அதையும் அளவோடு சொல்லுங்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கிடையாது; இப்போது சம்பளக்காரர்களில் பலர் அதில்தான் இருக்கிறார்கள். பழைய முறையில் இருப்பவர் 10,000 கொடுத்தால் பொதுவாக 5,000 கழிவு. முப்பது சதவீத வரம்பில் இருப்பவருக்கு மிச்சமாவது ஏறக்குறைய 1,560 ரூபாய். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. முக்கியமாக, எல்லாருடைய பணத்தையும் உங்கள் ஜிபேயில் வாங்கி மொத்தமாக அனுப்பாதீர்கள். ரசீது உங்கள் ஒருவர் பெயரில் வரும். கொடுத்தவர்களுக்கு எந்தத் தடயமும் இருக்காது. லிங்க்கை அனுப்புங்கள், பான் எண்ணை அவர்களே அங்கே பதியட்டும். பலரிடம் ஆன்லைனில் நிதி திரட்டித் தரும் திரள்நிதித் தளம் வழியாகப் போனால், கடைசித் திரையில் 'டிப்' என்று ஒரு தொகை தானாகவே சேர்ந்திருக்கலாம். அது தளத்துக்குப் போவது, வேண்டாமென்றால் பூஜ்யம் ஆக்கலாம் என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களிடம் கேட்கும்போது பாஸ்போர்ட்டையும் விசாரியுங்கள். இந்தியக் குடிமகனாக இருந்து துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து தருவது வெளிநாட்டு நிதி ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட உங்கள் சித்தப்பா மகன் தருவது வெளிநாட்டு நிதி. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின்படி அனுமதி உள்ள நிறுவனம்தான், டெல்லி ஸ்டேட் பாங்க் கிளையில் உள்ள தனிக் கணக்கில்தான் அதை வாங்க முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிவிடவும் முடியாது. பாசத்தோடு அனுப்பிய நூறு டாலர் ஒரு சின்ன இல்லத்துக்குப் பெரிய தலைவலியாக முடிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நான் இவ்வளவு சொன்னதும் காகிதம் வரைக்கும்தான். பணம் நிறுவனத்தின் கணக்கில் விழுந்ததா என்பதைக் காகிதம் காட்டும். அந்தப் பணம் ஒரு குழந்தைக்குச் சரியான நேரத்தில் மருந்தாகப் போனதா என்பதை எந்தத் தணிக்கை அறிக்கையும் காட்டாது. அதற்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அங்கே வேலை செய்யும் நர்ஸிடமோ சமூகப் பணியாளரிடமோ பேச வேண்டும்.

குழந்தைகளுக்கு உதவுவது மட்டுமே நோக்கம் என்றால் ரைடு தேவையில்லை. 1954-இலிருந்து அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. நேராகப் போய் 1,200 ரூபாயும் கட்டி ரசீது வாங்கலாம், ஒரு பைசா டி-ஷர்ட்டுக்குப் போகாது. ஆனால் நீங்கள் ஓட்டுவதால் மட்டுமே கொடுக்கப்போகிறவர்கள் பத்துப் பேர் உங்கள் ஆபீஸில் இருக்கிறார்கள். முட்டுக்காடு பாலத்தில் கடல்காற்று பக்கவாட்டில் தள்ளும்போது நீங்கள் விடாமல் மிதிப்பீர்கள் என்பதற்காகவே கொடுப்பார்கள். ரைடு சம்பாதித்துத் தருவது அவர்களைத்தான். அதனால் ஓட்டுங்கள், கேளுங்கள். கேட்கும்போது இப்படி எழுதலாம்: "என் நுழைவுக் கட்டணத்தை நானே கட்டிவிட்டேன். நீங்கள் கொடுப்பது கீழே உள்ள லிங்க்கில் நேராக நிறுவனத்துக்குப் போகும். ரசீது உங்கள் பெயரிலேயே வரும். மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்று ரைடு முடிந்து இரண்டு மாதத்தில் சொல்கிறேன்." நான் பழகிய வரையில் இப்படிக் கேட்டவர்களை யாரும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை.

அந்தக் கடைசி வரியை மறக்காதீர்கள். இரண்டு மாதம் கழித்து அமைப்பாளரிடம் கணக்குக் கேளுங்கள், அப்படியே பெறும் நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும் ஒரு போன் போடுங்கள். "இந்த ரைடிலிருந்து உங்களுக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். அந்த நிர்வாகி அம்மாவால் கேட்க முடியாத கேள்வி அது. கொடுத்த உங்களுக்கு அதைக் கேட்பதில் எந்தச் சங்கடமும் இல்லை.